மோட்டாரின் வேகமும் மின்சாரத்தின் துடிப்பும்

மைசூர் நகரில் வாழும் தமிழர்களுக்கு மண்டி மொஹல்லாவைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் டில்லியிலும் இருந்து இதனைப் படிக்கும் அன்பர்களுக்காக இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மண்டி என்பது மொத்த வியாபாரம் நடக்கும் இடம் என்பதைத் தமிழரும் அறிவர், கன்னடியரும் அறிவர், உருது பேசுவோரும் அறிவர். இங்கே மூன்று மொழிகளும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. புனித பிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தலைதூக்கித் தெரியும் தொலைவில், குறுகிய தெருக்களும், அவற்றில் பட்டறைகளும் கடைகளும் நெருங்கிக் கிடக்கின்றன.

அத்தெருக்களுள் ஒன்றில், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக மாவு மில் நடத்திவரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கேழ்வரகும் கோதுமையும் மிளகாயும் அரைப்பது அவர் தொழில். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, அலுவலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என்னை அவர் கைதட்டி அழைத்தார்.

"தம்பி, நீங்கள் சர்க்காரில் மொழிபெயர்க்கிறவர். இந்தப் பெட்டியோடு ஒரு புஸ்தகம் வந்திருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்த்துச் சொல்லுங்கள். இதை மாட்டினால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்று விற்றவர் சொன்னார்" என்றார்.

பெட்டி ஒரு தகர டப்பா அளவுதான் இருந்தது. முகப்பில் ஒரு சிறிய எண்பலகையும் நாலைந்து பொத்தான்களும். பட்டறைக்காரர்கள் இதனை "வி.எஃப்.டி." என்றும், சுருக்கமாக "டிரைவ்" என்றும் சொல்லுகிறார்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி, அதன் வாயிலாக மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி இது. அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியபோது எனக்குச் சற்றே நெஞ்சு படபடத்தது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன்.

அதிர்வெண் என்பது யாது? வானொலி கேட்கும் நமக்கு இச்சொல் புதிதன்று. வீட்டுக்கு வரும் மின்சாரம் குழாய்த் தண்ணீரைப்போல ஒரே திசையில் ஓடுவதில்லை. முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. ஒரு விநாடியில் 50 முறை போய்வந்தால் 50 சைக்கிள் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லுவார்கள். இன்றைய பாடநூல்கள் 50 ஹெர்ட்ஸ் என்கின்றன. இன்று இந்தியா முழுவதற்கும் இதுவே நியதி.

ஆனால் மைசூரின் முதல் மின்சாரம் 50 சைக்கிள் அன்று. காவிரி இரண்டாகப் பிரிந்து வீழும் சிவசமுத்திரத்தில் மின்னிலையம் அமைத்து, அங்கிருந்து சுமார் 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்க வயலுக்கு 1902 ஜூன் இறுதியில் மின்சாரம் அனுப்பினார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின் தடங்களுள் அது ஒன்று. அம்மின்சாரத்தின் துடிப்பு விநாடிக்கு 25 சைக்கிள்தான். அமெரிக்காவின் நயாகராவிலும் அப்போது அதுவே வழக்கம். பெரிய, மெதுவாகச் சுழலும் யந்திரங்களுக்கு அது ஏற்றதாக இருந்தது. விளக்குகளுக்கோ அது ஏற்றதன்று, அவை கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கும். பெங்களூருக்கு 1905-லும் மைசூர் நகருக்கு 1908-லும் மின்விளக்கு வந்தது.

இத்திட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் படித்து, மைசூர் சமஸ்தானத்தில் பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்தவர். 1901-ல் ஓய்வு பெற்று, அவ்வாண்டிலேயே காலமானார். தாம் தொடங்கிய மின்சாரம் கம்பியில் ஓடியதை அவர் காணவில்லை. அந்த மின்சாரத்தைத் தங்கச் சுரங்கங்களில் வேலையாக மாற்றியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர்களே. 2001-ல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் மைசூரிலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளில் இருக்கிறார்கள்.

இனி மோட்டாருக்கு வருவோம். இன்று ஆலைகளில் ஓடும் மோட்டார்களில் மிகப் பெரும்பாலானவை மூன்று பேஸ் இண்டக்ஷன் மோட்டார்கள். 1880-களின் இறுதியில் நிக்கோலா டெஸ்லா, இத்தாலியரான ஃபெராரிஸ், ரஷ்யரான தோலிவோ-தொப்ரவோல்ஸ்கி முதலியோர் உருவாக்கிய அமைப்பு இது. இதன் நுட்பத்தை விளங்கிக்கொள்ள மைசூர்த் தசராவை நினைத்துக்கொண்டால் போதும். சாலை நெடுகிலும் வண்ண விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. ஒளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் எந்த விளக்கும் நகருவதில்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிய, அதற்கடுத்தது எரிய, ஒளி ஓடுவதாகக் கண்ணுக்குப் படுகிறது. மோட்டாரின் வெளிவட்டத்தில் சுற்றப்பட்டுள்ள மூன்று காயில் தொகுதிகளில் மின்சாரம் இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு ஏறி இறங்குகிறது. விளைவாக ஒரு காந்தப்புலம் வட்டமாகச் சுழலுகிறது. நடுவிலுள்ள சுழலி அதனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது.

விளக்குகளை விரைவாக மாற்றி மாற்றி எரியவிட்டால் ஒளி விரைந்து ஓடும் அன்றோ? அதுபோலவே மின்சாரத்தின் அதிர்வெண் எவ்வளவோ, அதற்கேற்பத்தான் காந்தப்புலம் சுற்றும். கணக்கு எளியது. அதிர்வெண்ணை 120-ஆல் பெருக்கிக் காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 50 சைக்கிளில் நான்கு முனை மோட்டாருக்கு 1,500 சுற்று. ஆனால் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 1,440 என்பதுபோல் சற்றுக் குறைவாகவே பொறித்திருப்பார்கள். துரத்துபவன் எட்டிப் பிடித்துவிட்டால் துரத்தலே நின்றுபோகும். அந்த இடைவெளி இருந்தால்தான் சுழலியில் மின்சாரம் தூண்டப்பட்டு இழுவிசை பிறக்கும். ஆங்கிலத்தில் இதற்கு வழுக்குதல் என்னும் பொருள்படும் சொல்லை வைத்திருக்கிறார்கள். நான் முதன்முதலில் இதனை மொழிபெயர்த்தபோது "மோட்டார் வழுக்கி விழும்" என்று எழுதிவைத்தேன். தட்டச்சு செய்த அம்மையார் சிரித்ததும்தான் திருத்தினேன்.

ஆக, முனைகள் மோட்டாருக்குள்ளேயே கட்டப்பட்டுவிட்டன; அதிர்வெண்ணோ மின்னிலையத்தின் கையில் இருக்கிறது. ஆலைக்காரர் வேகத்தை எப்படி மாற்றுவது? நூறாண்டுக் காலம் இதற்காக மனிதர் பட்ட பாடு கொஞ்சமன்று. சிறிய புல்லியைக் கழற்றிப் பெரிய புல்லியை மாட்டினார்கள். சுரங்கங்களின் பாரந்தூக்கிகளுக்கு, ஹாரி வார்டு லியோனார்டு என்னும் அமெரிக்கர் 1891-ல் கண்ட முறைப்படி, ஒரு மோட்டாரைக் கொண்டு ஒரு ஜெனரேட்டரைச் சுற்றி, அந்த ஜெனரேட்டரின் நேர்மின்சாரத்தால் இன்னொரு மோட்டாரை ஓட்டினார்கள். ஒரு யந்திரம் செய்யவேண்டிய வேலைக்கு மூன்று! தண்ணீர்ப் பம்பிலும் காற்றூதியிலும் இன்னும் எளிய வழி ஒன்று நடந்தது. மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, வால்வைப் பாதி மூடிவிடுவது. வண்டி மாட்டைச் சாட்டையால் அடித்துக்கொண்டே மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்கு ஒப்பானது இது. நாட்டின் எத்தனையோ பம்புகள் இன்றைக்கும் இப்படித்தான் ஓடுகின்றன.

அதிர்வெண்ணையே மாற்றுவதுதான் நேர்வழி. இந்தச் சிறிய பெட்டி அதனைத்தான் செய்கிறது. வேலை மூன்று கட்டமாக நடைபெறுகிறது. முதலில், ஊசலாடும் மின்சாரத்தை டையோடுகளின் வழியே செலுத்தி ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரமாக ஆக்குகிறது. இரண்டாவதாக, அதைக் கெபாசிட்டர்களில் தேக்கிவைக்கிறது; மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி போல. மூன்று பேஸ் 415 வோல்ட் உள்ளே வந்தால், இத்தொட்டியில் நிற்பது ஏறக்குறைய 590 வோல்ட். இந்த எண்ணை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மூன்றாவதாக, ஆறு மின்னணு ஸ்விட்சுகள் அந்த நேர்மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகின்றன. சில துண்டுகள் குறுகியவை, சில அகன்றவை. குழாயைச் சிறிது நேரமும் நெடுநேரமுமாகத் திறந்து மூடினால் வாளியில் சேரும் நீரின் அளவு மாறுவதுபோல, இத்துண்டுகளின் சராசரி மெல்ல ஏறி மெல்ல இறங்கும் ஓர் அலையாகிறது. அந்த அலையை விநாடிக்கு 10 முறை எழுப்புவதா, 35 முறை எழுப்புவதா என்பது நம் விருப்பம். மோட்டாரின் காயில்கள் துண்டுகளை உணராமல் அலையை மட்டும் உணருகின்றன. கீச்சென்று மெல்லியதாய் ஒலி ஒன்று கேட்கும். வெட்டுகிற சத்தம் அது.

அதிர்வெண்ணை மட்டும் குறைத்தால் போதாது, வோல்ட்டையும் கூடவே குறைக்கவேண்டும். இல்லையேல் மோட்டாரின் இரும்பில் காந்தம் அளவு மீறி நிரம்பி, காயிலில் மின்னோட்டம் பெருகி, மோட்டார் எரிந்துவிடும். 50 சைக்கிளுக்கு 415 வோல்ட் என்றால் 25 சைக்கிளுக்கு ஏறத்தாழ 208 வோல்ட். இந்த விகிதத்தைப் பெட்டி தானே காத்துக்கொள்ளுகிறது. பெரியவரின் மில்லில் முகப்பு எண் 25.0 என்று காட்டியபோது, சிவசமுத்திரத்தின் பழைய துடிப்பு நூற்றிருபது ஆண்டு கழித்து மண்டி மொஹல்லாவின் ஒரு தெருவுக்குத் திரும்பி வந்துவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு மிளகாய் அரைக்க நேரமாகிக்கொண்டிருந்தது.

மேற்சொன்ன ஸ்விட்சுகளின் கதையில் நமக்கு ஓர் உறவு உண்டு. 1957-ல் வந்த தைரிஸ்டர் என்னும் சாதனத்தைக்கொண்டு முதலில் இத்தகைய பெட்டிகளைச் செய்தார்கள். அதனைத் திறக்க எளிது, மூடக் கடினம். பெட்டிகளும் பெரியனவாய், விலை மிக்கனவாய் இருந்தன. இக்குறையைப் போக்கிய ஐ.ஜி.பி.டி. என்னும் டிரான்சிஸ்டரின் உருவாக்கத்தில் முதன்மையாகப் பேசப்படுபவர் பி. ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்தார். பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் வளர்ந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஸ்கெனெக்டடி ஆராய்ச்சிச்சாலையில் பணியாற்றினார். வேகத்தை மாற்றக்கூடிய மோட்டார்களுக்கு நல்ல ஸ்விட்ச் வேண்டும் என்று கம்பெனி நாடிய 1980-ஆம் ஆண்டையொட்டித்தான் இம்முயற்சி உருப்பெற்றது. அதே துறையில் வேறு பலரும் உழைத்தார்கள் என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. 2024-ல் ஃபின்லாந்தின் மில்லெனியம் தொழில்நுட்பப் பரிசு பாலிகாவுக்கு அளிக்கப்பட்டது. சிவசமுத்திரத்தின் முதல் மின்யந்திரங்களை 1902-க்குக் கொடுத்ததும் இதே கம்பெனிதான்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு விடை சொல்லவேண்டும். மின்கட்டணம் பாதியாகுமா? ஆகும் இடமும் உண்டு, ஆகாத இடமும் உண்டு. விற்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே சொல்லுகிறார்கள்.

மின்விசிறி, காற்றூதி, தண்ணீரைச் சுற்றுக்குழாயில் ஓட்டும் பம்பு ஆகியவற்றில் லாபம் வியக்கத்தக்கது. வேகத்தைக் குறைத்தால் அவை இழுக்கும் விசை வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் குறைகிறது. வேகம் நூற்றுக்கு 80 ஆனால் விசை நூற்றுக்கு 51 தான். வேகம் பாதியானால் விசை எட்டில் ஒரு பங்கு. வால்வை மூடி மூச்சுத் திணறவைக்கும் ஆலைக்காரர் ஒருவர், வால்வை முழுவதும் திறந்துவிட்டு வேகத்தைக் குறைப்பாரேயானால், பெட்டியின் விலை விரைவிலேயே கைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் ஆற்றிலிருந்து நீரை மேட்டுக்கு ஏற்றும் பம்புக்கு இக்கணக்கு அப்படியே செல்லாது. மைசூருக்குக் காவிரி நீர் பெலகொளா, ஹொங்கள்ளி முதலிய நிலையங்களிலிருந்து மேட்டிலுள்ள நகருக்கு ஏற்றப்படுகிறது. இத்தகைய இடத்தில் பம்பு ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் நீர் உயரத்தை எட்டாமல் குழாயிலேயே நின்றுவிடும்; மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. உயரம் எவ்வளவு, குழாயில் உராய்வு எவ்வளவு என்று பார்த்த பிறகே லாபத்தைக் கணிக்கவேண்டும்.

மாவு மில்லோ முற்றிலும் வேறு ஜாதி. கல் சுற்றும் எதிர்ப்பு எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒன்றே. வேகத்தைப் பாதியாக்கினால் விசையும் பாதியாகும். ஆனால் ஒரு மூட்டை கேழ்வரகை அரைக்க இருமடங்கு நேரமாகும். மொத்தச் செலவில் மிச்சம் ஒன்றுமில்லை. பெட்டி தானும் சிறிது மின்சாரத்தை வெப்பமாக உண்டுவிடும். இதை நான் சொன்னபோது பெரியவரின் முகம் வாடியது. சேமிப்பிலிருந்து எடுத்த பணம் அது.

ஆயினும் பெட்டி வீணன்று. ஸ்டார்ட்டரை அழுத்தும் கணத்தில் ஒரு மோட்டார் தன் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். அவர் மில் போடும்போதெல்லாம் தெருவிளக்கு மங்கும். எதிர்வீட்டு அம்மாளின் வசையும் தவறாது வரும். பெட்டி, அதிர்வெண்ணைக் கீழிருந்து மெல்ல ஏற்றுவதால், இந்தத் திடீர் இழுப்பு நின்றுவிடுகிறது. பெல்ட் அறுவதும் குறைகிறது. அதனினும் முக்கியமாக, மிளகாயையும் மல்லியையும் சற்று மெதுவாக அரைத்தால் பொடி சூடேறி மணம் போகாது. நூற்பாலைகளில் இதே நன்மையை வேறுவிதமாகப் பெறுகிறார்கள்: ரிங் பிரேமில் நூல் சுற்றத் தொடங்கும்போதும் முடியும்போதும் கதிர்களை மெதுவாகவும், நடுவில் விரைவாகவும் ஓட்டி, இழை அறுவதைக் குறைக்கிறார்கள்.

மிகக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டலாகாது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், மோட்டார் மெதுவானால் விசிறியும் மெதுவாகிச் சூடு ஏறும். 50-க்கு மேலும் வேகத்தை ஏற்றமுடியும். ஆனால் வோல்ட் அதற்குமேல் ஏறாதாகையால் இழுவிசை குறையும். கல்லும் புல்லியும் தாங்குமா என்பது வேறு கவலை. பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார்களின் காப்புறை, வெட்டுண்ட மின்சாரத்தின் கூர்மையைத் தாங்காமல் போவதுண்டு. பெட்டிக்கும் மோட்டாருக்கும் இடையே நீண்ட கேபிள் இருந்தால் இத்தொல்லை மிகும். எர்த் கம்பி இல்லாமல் இதனை இயக்கவே கூடாது.

இனி, என் நெஞ்சு படபடத்த காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீரேற்று நிலையத்தின் பணியாளர்களுக்காக இத்தகைய பெட்டியின் கையேட்டைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் கலைப் பட்டதாரி. மின்சாரம் பள்ளிக்கூடத்தோடு விட்டது. கையேட்டில் ஒரு வாக்கியம், மின்சாரத்தை நிறுத்திய பின் வெளியேற்றம் முடியும்வரை காத்திருக்கவேண்டும் என்னும் பொருள்பட இருந்தது. அதற்கு முந்திய பக்கங்கள் முழுவதும் பம்பின் நீர் வெளியேற்றத்தைப் பற்றியவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சொல் ஒன்றே. ஆகவே நான், "குழாயில் நீர் வெளியேறி முடியும்வரை காத்திருந்து பெட்டியைத் திறக்கவும்" என்று எழுதினேன். நல்ல தமிழ் என்று மேலதிகாரி பாராட்டவும் செய்தார்.

அங்கே வெளியேற வேண்டியது தண்ணீரன்று, நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன 590 வோல்ட். மெயினை நிறுத்தினாலும், எண்பலகை இருண்டாலும், கெபாசிட்டரில் அது நின்றுகொண்டிருக்கும். வடிந்து தீரச் சில நிமிஷங்கள் செல்லும். பணியாளர் ஒருவர் மெயினை நிறுத்தினார். குழாயைப் பார்த்தார். நீர் நின்றுவிட்டது. திறந்து கைவைத்தார். தூக்கியெறியப்பட்டுச் சுவரில் மோதி விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டு விரல்கள் கருகின. செய்தி எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. அவரைப் போய்ப் பார்த்தேன். "புஸ்தகத்தில் போட்டபடிதான் செய்தேன், சார்" என்றார். அவர் குற்றம் சாட்டவில்லை. எழுதியவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. அன்று சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காப்பி சாப்பிடுங்கள்" என்றார்.

பிற மாநிலங்களில் பட்டறை வைத்திருக்கும் தமிழ் அன்பர்கள் பலர், தமக்குத் தெரியாத மொழியில் அச்சிட்ட கையேட்டுடனேயே இத்தகைய பெட்டிகளை வாங்குகிறார்கள். ஆகவே இதனைச் சற்று விரித்தே சொல்லுகிறேன். மெயினை நிறுத்துங்கள். வேறெவரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள். பெட்டியின்மேல் எத்தனை நிமிஷம் குறித்திருக்கிறதோ அத்தனை நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். சிறியவற்றில் ஐந்து, பெரியவற்றில் பத்து பதினைந்து என்று இருக்கும். பிறகும், நேர்மின்சார முனைகளில் மீட்டர் வைத்துச் சோதித்துப் பார்த்தே கைவையுங்கள். அளக்கத் தெரியாதவர் மூடியைத் திறக்கவேண்டாம்.

மண்டி மொஹல்லாப் பெரியவரின் புத்தகத்தை மூன்று மாலைகளில் படித்து முடித்தேன். புரியாத இடங்களில், அருகே காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் இளைஞரை அழைத்துக் கேட்டுக்கொண்டேன். அவர் பாட்டனார் தங்க வயலில் வேலை பார்த்தவராம். பெட்டியை அவரே மாட்டிக்கொடுத்தார். கேழ்வரகுக்கு 45, மிளகாய்க்கு 38 என்று பெரியவர் சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார். பெட்டியின் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது: "விளக்கு அணைந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். பத்து நிமிஷம் தொடாதே." வாக்கியம் என்னுடையது. அதன் கீழே கன்னடத்தில் அதையே எழுதியவன், மாவு அள்ளிக் கொடுக்கும் பையன்.